தப்பக்கா ஒரு தப்பை மறுத்த நாள்

கடைசியாக நீங்கள் "என் தப்புதான்" என்று சொன்னது எப்போது? அவசரப்படாமல் யோசித்துச் சொல்லுங்கள். அது உண்மையிலேயே உங்கள் தப்பா, இல்லை எதிரே நின்றவருடைய நாற்காலி உங்களுடையதைவிடப் பெரியது என்பதால் வந்த வார்த்தையா?

இந்தப் பெண்ணிடம் ஐம்பத்தொரு வயதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதற்கும் "என் தப்புதான்" என்று பதில் சொல்லியிருப்பாள். ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தப்பக்கா என்றே பெயர். லிஃப்ட் நின்றாலும் தப்பக்கா, குழாய் ஒழுகினாலும் தப்பக்கா. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அந்த ஆஸ்பத்திரியில் பழிக்கு நிரந்தர முகவரி இருந்தது.

அவள் வேலை செய்தது கட்டிடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத இரண்டு அறைகளில். முதல் அறைக்கு ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ரத்தம் காய்ந்த கருவிகள் வரும். கழுவி, துடைத்து, ஒவ்வொரு கத்தரியின் மூட்டையும் விரித்துப் பார்த்து, டிரேயில் வரிசையாக வைத்து, இரட்டைத் துணியில் பொதிவார்கள். சுவரில் பதித்த பீரோ அளவு மெஷினுக்குள் பொதி போகும். கிருமி சாக முப்பது நிமிடம், சூடு இம்மியும் குறையாமல், ஆவியில் கிடக்க வேண்டும். பிறகு மறுபக்கக் கதவு வழியாக இரண்டாவது அறைக்கு, சுத்தமான அலமாரிக்கு வரும். பொதியின் மேல் ஒட்டிய டேப்பில் வெளிறிய கோடுகள் இருக்கும். சூடு பட்டால் அவை கறுக்கும். எவ்வளவு நேரம் பட்டது என்று டேப்புக்குத் தெரியாது. அதைச் சொல்ல டிரேயின் நடுவில் இன்னொரு காகிதப் பட்டை வைக்க வேண்டும். அந்த உள்பட்டை தீர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தப்பக்கா ஒருமுறை சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டாள். எழுதிப் போட்டாச்சு, வரும்போது வரும் என்றார். தொந்தரவு செய்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

அவளுடைய அலமாரிக் கதவின் உட்புறம் பென்சிலால் நான்கு வரி எழுதியிருக்கும். கடைசித் தட்டை எடு. எதிர்த்துப் பேசாதே. ஒருவர் பேசும்போது குறுக்கிடாதே. கீழே கிடக்கும் பழியை நீ எடுத்துக்கொள். கிறிஸ்தவத் தாழ்மையை அன்றாடம் கடைப்பிடிப்பதற்கு அவள் தனக்குத்தானே வகுத்த பாடத்திட்டம் அது. தினமும் காலையில் தலைக்குத் தொப்பியும் கைக்கு உறையும் மாட்டும் முன்பு ஒருமுறை படிப்பாள். எத்தனையோ பேருக்கு நிலைக்கண்ணாடி எப்படியோ, அவளுக்கு அந்தக் கதவு.

அவள் தாழ்மை முழுக்கப் பொய் என்று சொல்லிவிட முடியாது. உடன் வேலை செய்கிறவர்கள் முகம் சுளிக்கும் டிரேயை முதலில் அவள்தான் கையில் எடுப்பாள். துணி மடிக்கிறவளின் அம்மா படுக்கையில் விழுந்தபோது, ஞாயிறு ஆராதனை முடிந்து நேரே அங்கே போய், எட்டு மாதம் அந்த அம்மாவுக்குத் தலை வாரிவிட்டவள். யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அந்த நான்கு வரிகள் வேறிடத்திலிருந்து வந்தவை.

எட்டு வயதில், வேதபாட வகுப்பில், வாத்தியார் ஒரு கதையில் ஆள் மாற்றிச் சொன்னார். இவள் எழுந்து, "அவர் இல்லை சார், அவரோட தம்பி" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. அதனாலேயே வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. ஆராதனை முடியும்வரை வாசற்படியில், உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் பார்க்கும்படி நிற்க வைத்தார். பெருமை பிடித்த பிள்ளை என்றார். வீட்டுக்குப் போகிற வழியில் அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: குனிஞ்சு போனா நிலை இடிக்காது. அன்றைக்கு அந்தப் பிள்ளை கற்றது தாழ்மை அல்ல, பயம். அந்தப் பயத்துக்குத் தாழ்மையின் சட்டையை மாட்டி, பொத்தான் போட்டு, ஊரே சேர்ந்து நாற்பது வருடம் மெச்சியது. குட்டக் குட்டக் குனிகிறவளைப் பார்த்து நல்ல பொம்பளை என்று சொல்வதில் குட்டுகிறவர்களுக்கு எவ்வளவு லாபம் பாருங்கள்.

அன்று புதன்கிழமை. பத்து மணிக்கு மெஷினில் பதினாறு பொதிகள் சூடேறி நின்றன. அதில் ஒன்று எலும்பு டிரே, பதினொன்றரை மணி ஆபரேஷனுக்கானது. இதைச் சொல்லியாக வேண்டும்: அந்த மெஷின் பழசு. கரண்ட் போனால் பத்து விநாடியில் ஜெனரேட்டர் பிடித்துக்கொள்ளும், விளக்கும் ஃபேனும் தானாக உயிர் பெறும். மெஷின் பெறாது. யாராவது போய்ப் பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்த வேண்டும். முப்பது நிமிடம் முடிந்ததும் அடிக்கிற மணியோ சாவி கொடுக்கிற தனிக் கடிகாரத்தில் ஓடுவது. மெஷின் செத்துக் கிடந்தாலும் அது நேரத்துக்கு அடிக்கும். அதனால்தான் மெஷின் ஓடும்போது ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்பது அந்த அறையின் முதல் விதி. பத்தொன்பது வருடத்தில் தப்பக்கா அந்த விதியை மீறியதில்லை.

பத்து மணி இரண்டு நிமிடத்துக்குத் துணி மடிக்கிறவள் ஒரு வாளித் தண்ணீரைக் காலால் தட்டிவிட்டாள். சரியாக அப்போது உள்ளே வந்த சூப்பர்வைசர் வழுக்கி, சுவரைப் பிடித்து நின்றார். கையிலிருந்த ஃபைல் தண்ணீரில் விழுந்தது. யார் செய்த வேலை என்று கேட்டார். துணி மடிக்கிறவள் துணியைப் பார்த்தாள். கீழே பழி கிடந்தது.

"என் தப்பு சார்."

துடைத்துவிட்டு ரூமுக்கு வரச் சொன்னார். துடைத்தாள். மெஷினைப் பார்த்துக்கொள் என்று துணி மடிக்கிறவளிடம் சொல்லிவிட்டு மாடி ஏறினாள்.

சூப்பர்வைசர் ஃபைலின் ஈரத் தாள்களை மேஜையில் ஒவ்வொன்றாகப் பரப்பிக்கொண்டே பேசினார். பொறுப்பு பற்றி, ஒழுங்கு பற்றி, தன் முட்டி பற்றி. அவள் தலை குனிந்து நின்றாள். அப்போது ஃபேன் நின்றது. ஒரு தாள் மெல்ல அடங்கியது. அவள் மனசுக்குள் எண்ணினாள். எட்டு, ஒன்பது, பத்து. ஃபேன் மறுபடி சுற்றியது.

மெஷின்.

துணி மடிக்கிறவள் அழுத்தியிருப்பாளா? அழுத்தியிருப்பாள். அவள் துணி வாங்க ஸ்டோருக்குப் போயிருந்தால்? "சார், ஒரு நிமிஷம்" என்று சொன்னால் போதும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். ஒருவர் பேசும்போது குறுக்கிடாதே. எட்டு வயதின் வாசற்படி காலடியில் வந்து நின்றது. அவள் குனிந்தே நின்றாள். அவர் முட்டியைப் பற்றிச் சொல்லி முடிக்க இன்னும் பதினைந்து நிமிடம் ஆயிற்று.

கீழே இறங்கும்போது மணி அடித்தது. துணி மடிக்கிறவள் கை நிறையத் துணியோடு அப்போதுதான் எதிரே வந்தாள். மெஷின் நின்றதா என்று கேட்டதற்கு, "யாருக்குத் தெரியும்க்கா, நான் ஸ்டோர்ல மல்லுக்கு நின்னுட்டு வரேன்" என்றாள். தப்பக்கா மெஷின் கதவைத் திறந்தாள். வழக்கமாக ஆவி சீறிக்கொண்டு வரும். இன்று பெருமூச்சு மாதிரி வந்தது. கைக்கு அது தெரிந்தது, மனசு கேட்க மறுத்தது. டேப்பில் கோடுகள் கறுத்திருந்தன. தியேட்டர் ஆள் தள்ளுவண்டியோடு அவசரப்படுத்தினான். டெலிபோன் அடித்தது. எலும்பு டிரேயைத் தூக்கி வண்டியில் வைத்தாள்.

டெலிபோனில் கேட்டவற்றையெல்லாம் எடுத்துக் கொடுத்து முடித்து, பதினொரு மணிக்குத்தான் காகித வட்டைப் பார்த்தாள். மெஷினின் நெற்றியில் சுற்றும் வட்டு அது. சூட்டை ஒரு பேனா கோடாக வரைந்துகொண்டே போகும். எப்போதும் முதலில் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே பொதியைத் தொடுகிறவள், இன்று கடைசியாகப் பார்த்தாள். கோடு ஏறியிருந்தது, நின்றிருந்தது, பன்னிரண்டாவது நிமிடத்தில் கால் இடறியதுபோலச் சரிந்திருந்தது. அப்புறம் ஏறவே இல்லை.

உறைக்குள் உள்ளங்கை வேர்த்தது. ஒரு நிமிடம் அவளுக்கு வந்த எண்ணத்தை மறைக்க வேண்டியதில்லை, அது யாருக்கும் வரும். மற்றப் பதினைந்து பொதிகளைத் திரும்ப மெஷினில் போட்டுவிடலாம். வட்டைக் கிழித்துவிடலாம். போன டிரே போனதுதான். எலும்பில் சீழ் பிடிக்க நாலைந்து நாள் ஆகும். அதற்குள் பழி பத்துக் கை மாறிவிடும். வார்டு அழுக்கு என்பார்கள், கட்டு சரியில்லை என்பார்கள், கடைசியில் நோயாளியின் விதி என்று முடிப்பார்கள். மனிதன் செய்த தப்பைக் கடவுள் கணக்கில் தள்ளிவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிற வேலைதான். அவன் சாகக்கூடச் செய்யலாம். தலைமாட்டில் நின்று ஜெபிக்க இவளையே கூப்பிடுவார்கள்.

அந்த ஜெபம் அவள் வாயில் வராது. வட்டைக் கழற்றிக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

சூப்பர்வைசர் ஈரத் தாள்களின் மேல் டிஷ்யூவை ஒற்றிக்கொண்டிருந்தார். சார், எலும்பு டிரே சரியாக வேகாமலே தியேட்டருக்குப் போய்விட்டது, என் தப்பு, நிறுத்தச் சொல்லுங்கள் என்றாள். மூச்சு வாங்கியது. அவர் நிமிரவில்லை.

"நேத்து டிரெய்னேஜ் அடைச்சதும் உங்க தப்பு. போன வாரம் லிஃப்ட் நின்னதும் உங்க தப்பு. ஊர்ல மழை இல்லாததுக்காவது வேற ஆளைத் தேடலாமாக்கா? டேப்பு கறுத்துதா?"

"கறுத்துது சார், ஆனா..."

"அப்போ போங்க. போய்த் தண்ணி குடிங்க."

உள்பட்டை ஏன் இல்லை என்ற கேள்வி தன் மேஜைக்கு வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கத் தெரிந்தவர்களைத்தான் அந்த நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள்.

வெளியே வராந்தாவில் இருந்த டெலிபோனில் தியேட்டரைக் கூப்பிட்டாள். சிஸ்டர் எடுத்தாள். இருவருக்கும் பன்னிரண்டு வருடப் பழக்கம். ஒரு டிரேயில் என் தப்பு நடந்துவிட்டது சிஸ்டர் என்று ஆரம்பித்ததுமே அந்தப் பக்கம் சிரித்துவிட்டாள். "அக்கா, டாக்டர் கை கழுவிட்டு நிக்கிறார். உங்க பாவமன்னிப்பைச் சாயங்காலம் வச்சுக்கலாம்" என்று வைத்துவிட்டாள்.

வராந்தாச் சுவரில் அவள் சாய்ந்து நின்றாள். புலி வருது புலி வருது என்று பொய்யாய்க் கத்திய ஆளின் கதை எல்லோருக்கும் தெரியும். அவன் விளையாட்டுக்குக் கத்தினான். இவள் பக்தியாகக் கத்தினாள். முடிவில் இரண்டும் ஒன்றுதான்: புலி நிஜமாகவே வந்தபோது யாரும் திரும்பவில்லை. பத்தொன்பது வருடமாகக் கண்ட பழியையும் எடுத்து எடுத்து, தன் வாயிலிருந்து வரும் அந்த ஒரு வார்த்தையைச் செல்லாததாக்கிவிட்டிருந்தாள். அது ஒரு ஆளின் உயிர் தொங்கும் நேரத்தில் தெரிந்தது.

மணி பதினொன்று இருபது.

தியேட்டருக்குப் போகிற நடையில் பதினாறு பதினேழு வயதுப் பெண் ஒருத்தி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு ஜோடி பெரிய செருப்பு. உள்ளே படுத்திருக்கும் லாரி டிரைவருடையது, அவளுடைய அப்பா. தொடை எலும்பு இரண்டாக உடைந்தவனுக்குச் செருப்பு எதற்கு என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது, வெளியே வந்ததும் போட்டுக்கொள்வார் என்று தூசி தட்டி வைத்திருந்தாள். தப்பக்காவைப் பார்த்ததும், "அப்பாவுக்கு ஆரம்பிச்சுட்டாங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள். தப்பக்காவால் அந்தச் செருப்பைத் தாண்டிப் பார்க்க முடியவில்லை.

தியேட்டர் வாசலில் தரையில் ஒரு சிவப்புக் கோடு. அதற்கு இந்தப் பக்கம் நின்றே டிரே கொடுக்க வேண்டும். பத்தொன்பது வருடத்தில் அவள் பெருவிரல்கூட அதன்மேல் பட்டதில்லை. கதவைத் தட்டினாள். பதில் இல்லை. உள்ளங்கையால் அறைந்தாள். சிஸ்டர் பாதி முகம் மூடிய துணியோடு எட்டிப் பார்த்து, கண்ணாலேயே எரித்தாள்.

தப்பக்காவுக்கு வாய் வழக்கமான வார்த்தைக்குப் போயிற்று. என் தப்... அதை விழுங்கினாள். பெருமைக்காரி என்ற பட்டம் காதருகே இரைந்தது. வேலை போகும். வீடு இருக்கிற நிலையில் வேலை போகக்கூடாது. எல்லாம் தெரிந்தது. எல்லாப் பயத்தோடும் கோட்டைத் தாண்டி வலது காலை வைத்தாள்.

"பத்து மணி பன்னிரண்டுக்குக் கரண்ட் போச்சு. அதோட சூடு விழுந்துடுச்சு, இதோ வட்டு. நான் பக்கத்துல இல்லை. சூப்பர்வைசர் ரூம்ல திட்டு வாங்கிட்டு நின்னேன். ஃபேன் நின்னப்பவே எனக்குத் தெரியும், வாயைத் திறக்கலை. வட்டைப் பார்க்காம டிரேயைக் கொடுத்தேன். அது ரெண்டும் நான் செஞ்சது." மூச்சு விட்டாள். "தண்ணியை நான் கொட்டலை சிஸ்டர்."

சிஸ்டரின் கண் மாறியது. வாளித் தண்ணீரின் கதை அவளுக்குத் தெரியாது. ஆனால் இந்தப் பெண் ஒரு தப்பை இல்லை என்று சொல்லி அவள் பன்னிரண்டு வருடத்தில் கேட்டதே இல்லை. எதை மறுக்க வேண்டும் என்று தெரிந்தவள்தான் எதை ஒப்புக்கொள்கிறாள் என்றும் தெரிந்தவள். சிஸ்டர் வட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். திரும்பி உள்ளே போட்ட சத்தம் நடைவரை கேட்டது: "டாக்டர், கையை எடுங்க. எதையும் தொடாதீங்க."

டிரே பிரித்தாகிவிட்டது. கத்தி டாக்டரின் கையில் இருந்தது. தோலில் மருந்து பூசிய மஞ்சள் மட்டும்தான், இன்னும் கீறவில்லை. டாக்டர் வெளியே வந்து கையுறைகளைக் கழற்றி அவள் காலடியில் எறிந்தார். பத்தொன்பது வருடத்தில் கேட்காத வார்த்தைகளைக் கேட்டாள். தலை குனியவில்லை. நிமிரவும் இல்லை. நேராகப் பார்த்துக்கொண்டு, நடுங்கிக்கொண்டு நின்றாள். அறையைக் கழுவி, பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து வேறு டிரே வர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை லாரி டிரைவர் மயக்கத்தில் கிடந்தான். மகள் செருப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மூன்று மணிக்கு சூப்பர்வைசர் கூப்பிட்டனுப்பினார். அறிக்கை தயாராக டைப் அடித்து வைத்திருந்தார். மேற்படி ஊழியர் கவனக்குறைவாகத் தரையில் தண்ணீரைக் கொட்டி, மெஷினை விட்டு வெளியேறி, யாரிடமும் தெரிவிக்காமல் டிரேயை அனுப்பி, என்று போயிற்று. வழக்கம்போல ஒரு கையெழுத்து என்றார், குரலில் தேன். நீங்கள் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்கிற ஆள் இல்லையே, தாழ்மைக்குப் பெயர் போனவராயிற்றே என்றார்.

பேனாவை வாங்கிக்கொண்டாள். கையெழுத்துப் போட்டால் எல்லோரும் நல்லவள் என்பார்கள். அப்போது அவளுக்கு, எத்தனையோ முறை கேட்ட, கர்த்தர் தன் சீடர்களின் கால் கழுவிய வேதக் கதை ஞாபகத்துக்கு வந்தது. சீடர்களின் காலில் அழுக்கு இருந்தது. அது அவர்கள் அழுக்கு. கர்த்தர் குனிந்து கழுவினார். அந்த அழுக்கு என்னுடையது என்று அவர் பொய் சொல்லவில்லையே. இத்தனை வருடம் இது ஏன் கண்ணில் படவில்லை?

தண்ணீரைக் கொட்டி என்பதை அடித்தாள். யாரிடமும் தெரிவிக்காமல் என்பதை அடித்து, பதினொன்று ஐந்துக்கு சூப்பர்வைசரிடம் தெரிவித்தேன் என்று எழுதினாள். மெஷினை விட்டுப் போனது, வட்டைப் பார்க்காதது, இரண்டையும் தொடவில்லை. அடியில், உள்பட்டை மூன்று வாரமாக இல்லை, ஒருமுறைதான் கேட்டேன், திரும்பத் திரும்பக் கேட்டிருக்க வேண்டும் என்று எழுதினாள். கையெழுத்து கோணலாக வந்தது. சூப்பர்வைசர் அதைப் படித்த முகத்தை அவள் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை.

அன்று மாலை வீட்டில் புருஷன்காரன், ஒரு குடோனுக்குக் காவல் இருப்பவன், விஷயம் கேட்டுச் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றான். "தாழ்மை தாழ்மைன்னு இத்தனை வருஷம் என் உயிரை வாங்கினியே, இன்னைக்குப் பார்த்து அது எங்கே போச்சு?"

"இதுதான் அதுன்னு நினைக்கிறேன்" என்றாள். பிறகு, "பயமா இருக்குங்க" என்றாள். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

ஒரு மாதம் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். சபையில் இரண்டு பேர் அவளுக்குப் பெருமை வந்துவிட்டது என்றார்கள். திரும்பி வந்தபோது அவளை மெஷினிலிருந்து எடுத்துக் கழுவுகிற பக்கம் போட்டிருந்தார்கள். சூப்பர்வைசர் அதே நாற்காலியில் இருந்தார். ஆனால் உள்பட்டைப் பெட்டிகள் நான்கு அலமாரியில் இருந்தன, மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, அதில் துணி மடிக்கிறவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "தண்ணியைக் கொட்டினது நான்னு விசாரணையில சொல்லிட்டேன்க்கா" என்றாள், முகத்தைப் பார்க்காமல். லாரி டிரைவர் ஊன்றுகோலோடு வீட்டுக்குப் போயிருந்தான்.

தப்பக்காவுக்குப் பயம் போய்விடவில்லை. மணி அடித்தால் இன்னமும் உள்ளங்கை வேர்க்கிறது. விளக்கு மினுக்கினால் யார் பேசிக்கொண்டிருந்தாலும் சரி, "ஒரு நிமிஷம்" என்கிறாள். சொல்லும்போது குரல் நடுங்கத்தான் செய்கிறது.

உங்களுக்குக் கீழே வேலை செய்கிற யாராவது ஒருவர், வீட்டிலோ கடையிலோ அலுவலகத்திலோ, நாளைக்கு உங்கள் முன் வந்து "என் தப்புதான்" என்று தலை குனிவார். பரவாயில்லை என்று பெரிய மனசு பண்ணாதீர்கள், திட்டவும் வேண்டாம். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லுங்கள். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, அதில் எது உன்னுடையது, எது இல்லை என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை உங்கள் முட்டி வலியைப் பற்றிப் பேசாதீர்கள்.